பிரேசிலின் தலைநகரங்கள்

பிரேசில் நாட்டின் தலைநகரங்களாகச் சால்வடோர் (1549–1763), ரியோ டி ஜனேரோ (1763–1960), பிரேசிலியா (1960 முதல்) ஆகிய மூன்று நகரங்கள் அமைந்துள்ளன. மூன்றிலும் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியக் களங்கள் உள்ளன. இங்கு வரும் சுற்றுலாப் பயணிகள், இந்நகரங்களைத் தம் உழைப்பால் உருவாக்கியோரின் வரலாற்றையும் காணலாம்.

சால்வடோரின் பழைய நகரப் பகுதியான பெலோரினோ, அடிமைகளைக் கட்டிவைத்துச் சாட்டையால் அடித்த தூணின் பெயரைக் கொண்டது. ரியோ டி ஜனேரோவில் மலையுச்சியிலுள்ள மீட்பர் கிறிஸ்து சிலை (1931) புகழ்பெற்றது. அந்நகரின் துறைமுகப் பகுதியில் 2011 இல் அகழ்ந்தெடுக்கப்பட்ட வலோங்கோ படகுத்துறை, ஆப்பிரிக்க அடிமைகள் கொண்டுவந்து இறக்கப்பட்ட இடமாகும்.

பிரேசிலியா நகரை லூசியோ கோஸ்டா திட்டமிட்டார். முக்கிய கட்டிடங்களை ஆஸ்கார் நிமேயர் வடிவமைத்தார். வறண்ட வடகிழக்கு உள்ளிட்ட பல பகுதிகளிலிருந்து வந்த தொழிலாளர்கள் இதனைக் கட்டினர். இவர்கள் கண்டாங்கோக்கள் எனப்பட்டனர். நகரின் சதுக்கம் ஒன்றில் இவர்களின் பெயரால் வழங்கும் வெண்கலச் சிற்பம் உள்ளது.