இரண்டு மாதமும் பத்து ஆண்டும்: தீவகக் காணிப் பிணக்குகளில் ஆரம்ப நீதிமன்றம்

கீழ் நீதிமன்றத்துக்கு எது, அதற்கு மேலே எது என்று சட்ட மாணவனைக் கேட்டால் வழக்கின் பெறுமதியையும் தண்டனையின் அளவையும் சொல்வான். 1978ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க நீதித்துறைச் சட்டமும் ஆரம்ப நீதிமன்றத்தின் குடியியல் நியாயாதிக்கத்தை 1,500 ரூபாவில்தான் நிறுத்தியது. யாழ்ப்பாணத் தீவகத்தின் காணிப் பிணக்குகளில் இந்த அளவுகோல் உதவாது. அங்கே நியாயாதிக்கத்தைப் பிரிப்பது தொகையல்ல, கேட்கப்படும் கேள்வி.

குற்றவியலில் கோடு தெளிவானது. 2015இல் புங்குடுதீவில் மாணவி ஒருவர் கொல்லப்பட்ட வழக்கில் சந்தேகநபர்கள் முதலில் நின்றது ஊர்காவற்றுறை நீதவான் முன்பு. தீர்ப்பளித்ததோ யாழ்ப்பாணத்தில் அமர்ந்த மூன்று மேல் நீதிமன்ற நீதிபதிகள். 2017 செப்டெம்பர் 27இல் ஏழு பேருக்கு மரணதண்டனை. குற்றவழக்கில் கீழ் நீதிமன்றம் வழக்கை மேலே ஒப்படைக்கிறது. காணியில் அப்படியல்ல: கீழே ஒரு வழக்கு முடிகிறது, தோற்றவர் மேலே புதிதாக இன்னொன்றைத் தொடங்க வேண்டும்.

1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவின் கீழ், அமைதி குலையும் நிலை இருந்தால் பொலிசாரோ தரப்பினரோ தகவல் தாக்கல் செய்யலாம். தனி ஆரம்ப நீதிமன்றம் இல்லாத இடத்தில் நீதவானே அந்த ஆசனத்தில் இருப்பார். விசாரணை பெரும்பாலும் சத்தியக்கடதாசிகளில் நடக்கும். வாய்மொழிச் சாட்சியத்துக்கு அனுமதி வேண்டும். மூன்று மாதத்தில் முடிக்கச் சட்டம் சொல்கிறது. அந்தக் காலவரையறை தவறியதாலேயே கட்டளை செல்லாமற் போகாது என்று 1982இல் உச்ச நீதிமன்றத்தில் நீதியரசர் சர்வானந்தா தீர்த்தார். கேள்வி ஒன்றுதான்: தகவல் தாக்கலான நாளில் காணி யார் கையில் இருந்தது? பலவந்தமாக வெளியேற்றப்பட்டவர், அது முந்திய இரண்டு மாதத்துக்குள் நடந்தது என்று காட்டினால் மீளலாம். உறுதியும் தேசவழமைப்படி வந்த முதுசமும் மாவட்ட நீதிமன்றத்துக்கு உரியவை. 66ஆம் பிரிவுக் கட்டளை குடியியல் உரிமையைப் பாதிக்காது என்று 74ஆம் பிரிவு ஆறுதல் சொல்கிறது. மேன்முறையீட்டையும் அதே பிரிவு தடுக்கிறது. எஞ்சுவது அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தின்படி மாகாண மேல் நீதிமன்றத்துக்குச் செல்லும் மீளாய்வு மனு மட்டுமே.

ஏட்டில் இது நேர்த்தியான பகிர்வு. ஆனால் 1990, 1991இல் வேலணை, புங்குடுதீவு, ஊர்காவற்றுறை மக்கள் பெருமளவில் வெளியேறினர். ஆண்டுகள் கழித்துத் திரும்பியவருக்கு இரண்டு மாதம் என்ன பயன்? அவர் கையில் உறுதி, மற்றவர் கையில் காணி.

நெடுந்தீவில் நிலைமை இன்னும் நுட்பமானது. அங்கே எல்லை என்பது சாந்து பூசாமல் அடுக்கிய பவளக்கல் மதில். வேலிக் கதியாலைப் பிடுங்கினால் குழி தெரியும்; கல்லை இரண்டு முழம் தள்ளி அடுக்கினால் எதுவும் தெரியாது. இதைக் கடதாசியில் விளங்கப்படுத்துவது கடினம். நேரில் சொல்ல வருபவர் குறிகட்டுவான் வரை படகில் வந்து, பிறகு பஸ் பிடிக்க வேண்டும்.

இடம்பெயர்ந்தவர் பக்கம், கையாட்சிக்கு நேரில் குடியிருக்கத் தேவையில்லை, கட்டுப்பாடு போதும் என்ற எதிர்வாதம் உண்டு. பூட்டிய வீட்டின் திறப்பை வைத்திருப்பவர் விடயத்தில் அது பொருந்தும். கூரையும் கதவும் இல்லாத வீட்டுக்குத் திறப்பு ஏது?

நாடாளுமன்றம் இந்த அநீதியைப் பாதி உணர்ந்தது. 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச்சட்டப்படி பத்து ஆண்டு எதிரிடையாக ஆண்டவருக்கு உரித்து வரும். போரினால் தம் காணிக்குப் போக முடியாதவர்களை அதிலிருந்து காக்க, 1983 மே முதல் 2009 மே வரையான காலத்துக்கென 2016இல் 5ஆம் இலக்கச் சட்டம் வந்தது. அது மாவட்ட நீதிமன்றத்தின் கடிகாரத்தை மட்டுமே திருத்தியது. இடம்பெயர்ந்தவர் முதலில் ஏறும் படி ஆரம்ப நீதிமன்றம். அங்கே, 68(3)ஆம் பிரிவில், இரண்டு மாதம் இரண்டு மாதமாகவே விடப்பட்டது.