136லிருந்து 142: ஒரு கோட்டா கோரிக்கை, 35 வருஷக் காத்திருப்பு

கிளவுட்ல வேலை பாக்குறவங்களுக்கு இது பழகின கதை. புது அக்கவுண்ட்ல ஜிபியு கோட்டா பல நேரம் பூஜ்ஜியமாத்தான் இருக்கும். கூட்டித் தாங்கன்னு கேட்டா, "பரிசீலனையில் உள்ளது"ன்னு ஸ்டேட்டஸ் நாள்கணக்கா நிக்கும். லாஞ்ச் தேதி மட்டும் நிக்காது. இன்னைக்கு எபிசோட்ல, தேனிப் பக்கம் இப்படி 35 வருஷம் காத்திருந்த ஒரு கோரிக்கையைப் பாப்போம்.

முல்லைப் பெரியாறு அணை. பென்னிகுயிக் தலைமையில கட்டி 1895ல திறந்தது. இடம் கேரளத்துல. 1886ல திருவிதாங்கூர் 999 வருஷக் குத்தகைக்குக் கொடுத்த நிலம். அணையை இயக்குறது தமிழ்நாடு. சர்வர் ஒருத்தர் இடத்துல, ஆபரேஷன்ஸ் இன்னொருத்தர் கையில. மலையைக் குடைஞ்ச சுரங்கம் வழியா தண்ணி கம்பம் பள்ளத்தாக்குக்கு வரும். பதினெட்டாம் கால்வாய் வழியா போடி வட்டத்துக்கும் கொஞ்சம் போகும். மீதி வைகையில சேர்ந்து மதுரை தாண்டிப் போகும்.

முழு நீர்மட்டம் 152 அடி. 1979 ஆகஸ்ட்ல குஜராத்துல மச்சு அணை உடைஞ்சு மோர்பி நகரமே மூழ்கினது. சுண்ணாம்புல கட்டின பழைய அணைக்குக் கீழ குடியிருக்குற இடுக்கி மக்களோட பயத்தை நாம லேசா எடுத்துக்க முடியாது. அந்த வருஷக் கடைசியில மத்திய நீர் ஆணையம் சொல்லி மட்டத்தை 136 அடிக்குக் குறைச்சாங்க. பலப்படுத்தும் வேலை முடியுற வரைக்கும்னுதான் பேச்சு.

152ல 16 அடி குறைஞ்சா பத்து சதவீதம்தானேன்னு தோணும். ஆனா சுரங்க வாய் இருக்குறதே நூறு அடிக்கு மேல. அதுக்குக் கீழ கிடக்குற தண்ணி நமக்கு வராது. பயன்படுத்த முடிஞ்ச உயரத்துல பாத்தா மூணுல ஒரு பங்கு போச்சு. மேல போகப் போக நீர்த்தேக்கம் அகலமாகும், அதனால தண்ணிக் கணக்குல இழப்பு இன்னும் அதிகம். கோட்டா ஃபார்ம்ல காரணம் எழுதும்போது இந்த மாதிரிக் கணக்கைத்தான் கொடுக்கணும். "அதிகம் தேவை"ன்னு மட்டும் எழுதினா யாரும் அசைய மாட்டாங்க.

மேல கான்கிரீட் தொப்பி, உள்ள கேபிள் நங்கூரம், பின்னால கான்கிரீட் முட்டு, எல்லாம் போட்டாங்க. 2006 பிப்ரவரியில உச்ச நீதிமன்றம் 142 அடிக்கு அனுமதி கொடுத்தது. கேட்டது 152, கிடைச்சது முதல் கட்டம். அடுத்த மாசமே கேரளா சட்டத்தைத் திருத்தி 136ஐ சட்டத்துலயே எழுதிடுச்சு. தமிழ்நாடு மறுபடியும் கோர்ட்டுக்குப் போச்சு.

காத்திருந்த காலத்துல அடி விழுந்தது யாருக்குன்னு பாருங்க. போடியிலிருந்து தினமும் விடியற்காலையில ஜீப் ஏறி, போடிமெட்டு தாண்டி இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குப் போற கூலித் தொழிலாளிகள் ஆயிரக்கணக்கானவங்க. தோட்டமும் வேலையும் அந்தப் பக்கம், வீடும் தண்ணியும் இந்தப் பக்கம். 2011 டிசம்பர்ல சண்டை முத்தினப்போ எல்லைச் சாலைகள் அடைபட்டுச்சு. தோட்டத்துலயே தங்கி வேலை பாத்த தமிழ்க் குடும்பங்கள் குழந்தைகளோட மலைப்பாதையில நடந்தே இறங்கி வந்தாங்க. ஏலக்காய் பறிக்க ஆள் இல்ல, இவங்களுக்குக் கூலி இல்ல. மட்டம் 136ஆ 142ஆன்னு முடிவு பண்ற இடத்துல இவங்க யாரும் இல்ல.

2014 மே 7ல அரசியல் சாசன அமர்வு கேரளாவோட திருத்தத்தை ரத்து பண்ணுச்சு. அந்த நவம்பர்ல அணை 142 அடியைத் தொட்டது.

152 இன்னும் பாக்கி. அதுக்கு முன்னாடி பக்கத்துல இருக்குற பேபி அணையைப் பலப்படுத்தணும். அதுக்கு சில மரங்களை வெட்டணும். வெட்ட அனுமதி தர வேண்டியது கேரளா. 2021 நவம்பர்ல 15 மரத்துக்கு அனுமதி வந்தது. சில நாள்லயே கேரளா அதை ரத்து பண்ணிடுச்சு.