நகைக்குறி பிறந்த கதை

முகம் காணா உரையாடலில் வேடிக்கை எது, மெய் எது எனத் தெளிவது எளிதன்று. 1982இல் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தார் கணினிவழி உரையாடுகையில், அறுந்து விழும் மின்தூக்கியினுள் ஒரு துளிப் பாதரசம் என்னாகும் என்றொரு புதிர் எழுந்தது. உடனே ஒருவர், மின்தூக்கியில் பாதரசம் கலந்துவிட்டதென விளையாட்டாக எச்சரித்தார். முன்பேச்சை அறியாத சிலர் அதை நம்பியும்விட்டனர்!

செப்டம்பர் 19 அன்று கணினி அறிஞர் ஸ்காட் ஃபால்மன், வேடிக்கையைச் சுட்ட முக்காற்புள்ளி, சிறுகோடு, அடைப்புக்குறி மூன்றையும் சேர்த்து இடலாம் என்றார். தலைசாய்த்து நோக்கினால் சிரித்த முகம். வேடிக்கையல்லாதவற்றுக்கு அவர் தந்த குறியோ பின்னர் வருத்தக்குறியாயிற்று.

நமக்கொரு மனக்குறை உண்டு. நகை பிறக்கும் நிலைக்களன்களை எள்ளல் முதலாக நான்கென வகுத்தார் தொல்காப்பியர். இக்குறி அவற்றைப் பிரித்துக் காட்டுவதில்லை. பிறரை எள்ளி எழுதிவிட்டு, ஈற்றில் இதனை ஒட்டித் தப்புவோரை நாம் அன்றாடம் காண்கிறோம்.