ஒரு பதக்கம் ஊர் சேர்ந்த கதை

விக்டோரியா கிராஸ் என்ற பிரிட்டிஷ் வீரப் பதக்கத்தில் பொன்னும் இல்லை, வெள்ளியும் இல்லை. பழைய பீரங்கியின் வெண்கலத்தை உருக்கி, லண்டனில் ஹான்காக்ஸ் என்ற நகைக்கடையார் செய்து கொடுப்பது அது. முன்பக்கம் மகுடத்தின் மேல் நிற்கும் சிங்கம். பின்பக்கம் நடுவட்டத்தில் வீரச்செயல் நடந்த தேதி. மேல்பட்டையின் பின்புறம் பெற்றவரின் பெயர். இங்கே பேசப்போகும் பதக்கத்துக்கு உரிய தேதி 1914 டிசம்பர் 13. பெயர், நார்மன் டக்ளஸ் ஹோல்புரூக். அன்று கடற்படையினரின் பதக்கத்துக்கு நீல நாடா, தரைப்படையினருக்குச் சிவப்பு. 1918க்குப் பிறகுதான் எல்லோருக்கும் சிவப்பாயிற்று.

ஹோல்புரூக்குக்கு அப்போது 26 வயது. பிரிட்டிஷ் கடற்படையில் லெப்டினன்ட். அவர் பொறுப்பில் இருந்தது பி-11 என்ற நீர்மூழ்கி. 1906இல் கடலில் இறக்கிய படகு. முதல் உலகப்போர் வந்தபோதே பழையதாகிவிட்டது. நீளம் 43 மீட்டர், உள்ளே 15 பேர். கடலுக்கு மேலே பெட்ரோல் என்ஜின், கீழே பாட்டரி. பாட்டரி தீர்ந்தால் மேலே வந்தே ஆகவேண்டும். மேலே வந்தால் எதிரி கண்ணில் பட்டே ஆகவேண்டும்.

துருக்கியின் டார்டனெல்ஸ் நீரிணைக்குள் துருக்கியர் ஐந்து வரிசையாகக் கண்ணிவெடிகளைப் போட்டு வைத்திருந்தார்கள். அவற்றின் நங்கூரக் கம்பிகள் படகின் துடுப்புத் தகடுகளில் மாட்டாமலிருக்க, பி-11க்கு இரும்புக் காப்புகள் பொருத்தப்பட்டன. விடியுமுன் புறப்பட்டு, எதிர்நீரோட்டத்தில் தவழ்ந்து, அந்த ஐந்து வரிசைக்கும் அடியில் நுழைந்து போனார்கள். கடைசி வரிசையைத் தாண்டிப் பெரிஸ்கோப்பை உயர்த்தியபோது கண்ணில் பட்டது மெசுதியே. லண்டனில் கட்டி 1874இல் நீரில் இறக்கிய பழைய துருக்கிப் போர்க்கப்பல், கண்ணிவெடிகளுக்குக் காவலாக நின்றிருந்தது. ஒரு டார்பிடோ. சில நிமிடங்களில் கப்பல் கவிழ்ந்தது. 37 பேர் இறந்தார்கள். மற்றவர்களில் பலரை, கவிழ்ந்த அடிப்பாகத்தில் துளை போட்டு மீட்டார்கள்.

அந்தப் பதக்கத்துக்கு உண்மையான விலை திரும்பும் வழியில்தான் கொடுக்கப்பட்டது என்பேன். டார்பிடோ விடுவது ஒரு நொடி வேலை. அதன் பிறகு பி-11இன் திசைகாட்டி கெட்டுப்போனது. அந்த வகைப் படகில் திசைகாட்டி உடலுக்கு வெளியே இருக்கும். அதன் பிம்பத்தைக் கண்ணாடிகள் வழியாக உள்ளே பார்க்கவேண்டும். அந்தக் கண்ணாடி மங்கிவிட்டது. எந்தப் பக்கம் கடல், எந்தப் பக்கம் கரை என்று தெரியாமல் படகு மணல்மேட்டில் தட்டி, மேல்கோபுரம் தண்ணீருக்கு வெளியே வந்துவிட்டது. கரையிலிருந்து குண்டுகள் விழுந்தன. ஹோல்புரூக் நிறுத்தவில்லை. முழு வேகம் கொடுத்து, அடிப்பகுதி தரையில் இடித்துக்கொண்டே போக, ஆழமான நீரை எட்டினார். அப்புறம் மறுபடியும் அதே ஐந்து வரிசை. மொத்தம் ஒன்பது மணி நேரம் நீருக்கடியில். மேலே வந்து மூடியைத் திறந்தும் பெட்ரோல் என்ஜின் உடனே கிளம்பவில்லை. உள்ளிருந்த காற்று அவ்வளவு கெட்டிருந்தது. அதைத்தான் அந்த 15 பேரும் சுவாசித்துக்கொண்டிருந்தார்கள்.

ஒன்பதே நாளில், டிசம்பர் 22 அன்று, விருது அரசிதழில் வந்தது. அந்தப் போரில் கடற்படைக்கு அறிவிக்கப்பட்ட முதல் விக்டோரியா கிராஸ் அது. நீர்மூழ்கிக்காரர் ஒருவர் பெற்ற முதல் விக்டோரியா கிராஸும் அதுவே. துணை அதிகாரி சிட்னி வின்னுக்கு டி.எஸ்.ஓ. விருது. மாலுமிகள் 13 பேருக்கும் பதக்கம், ஒருவரும் விடுபடவில்லை. அதுதான் நியாயம்.

இனி கதை பூமியின் மறுகோடிக்குப் போகிறது. ஆஸ்திரேலியாவில் சிட்னிக்கும் மெல்போர்னுக்கும் நடுவே ஜெர்மன்டன் என்றொரு சிற்றூர். அங்கே விடுதி நடத்திய ஜெர்மானியர் ஒருவரால் வந்த பெயர். போர்க்காலத்தில் அந்தப் பெயர் கசந்தது. 1915 ஆகஸ்டில் ஊரின் பெயர் ஹோல்புரூக் என்று மாறியது. அதுவரை ஹோல்புரூக் அந்த ஊரைக் கண்டதே இல்லை. மாற்றத்துக்குக் காரணம் வெறுப்பு. அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் அந்த ஊர் பெயரை மாட்டியதோடு நிற்காமல் அந்த மனிதரைத் தன்னவராகவே வைத்துக்கொண்டது. 1956இல் அவர் முதன்முறையாக வந்தார். மேலும் இருமுறை வந்தார். 1976இல் இங்கிலாந்தில் காலமானார்.

பதக்கம் மனைவி குண்டுலாவிடம் இருந்தது. அவர் ஆஸ்திரியாவில் பிறந்தவர். ஜெர்மன் பெயரே வேண்டாம் என்று உதறிய ஊருக்கு, 1982இல், அந்தப் பதக்கத்தைக் கொடுத்தவர் ஜெர்மன் பேசும் நாட்டில் பிறந்த ஒரு பெண். ஏலத்தில் விட்டிருந்தால் பெரும் பணம் வந்திருக்கும். அவரோ, பிற்பாடு ஆஸ்திரேலியக் கடற்படை ஓய்வு கொடுத்த ஓட்வே நீர்மூழ்கியின் மேற்பகுதியை வாங்க ஊர் மக்கள் பணம் திரட்டியபோது, ஒரு லட்சம் டாலரும் கொடுத்தார். 1997இல் கடலே இல்லாத அந்த ஊரின் பூங்காவில் ஓட்வே நிலைகொண்டபோது நேரில் வந்தும் நின்றார். அந்தத் திருமதியின் பெயரும் அந்தப் பதக்கத்தோடு சேர்த்துச் சொல்லப்படவேண்டியது.

அசல் பதக்கத்தை 2009இல் கான்பெராவிலுள்ள ஆஸ்திரேலியப் போர் நினைவகத்துக்கு ஊர் இரவல் கொடுத்தது. ஊரில் நகல் ஒன்று இருக்கிறது. சிட்னியிலும் மெல்போர்னிலும் நம்மவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். இரு நகருக்கும் நடுவே காரில் போய்வருகிறார்கள். 2013 முதல் ஹியூம் நெடுஞ்சாலை ஹோல்புரூக்கைச் சுற்றிக்கொண்டு போகிறது. அடுத்த முறை வண்டியைத் திருப்பி ஊருக்குள் போய்ப் பாருங்கள். நகலின் முன் நிற்கும்போது மெசுதியேயில் இறந்த 37 பேரையும் நினைத்துக்கொள்ளுங்கள்.