அம்பாசிடரின் மூச்சுக்குழல்: சோழவரமும் உதகையும்

எந்திரத்தின் ஆற்றல் பெட்ரோலில் இருக்கிறது என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். அது பாதி உண்மைதான். ஒரு பங்கு பெட்ரோல் முழுமையாக எரிய எடையளவில் ஏறத்தாழ 15 பங்கு காற்று வேண்டும். பெட்ரோலை வேண்டுமட்டும் ஊற்றிவிடலாம். காற்றை உள்ளே கொண்டுவருவதுதான் பெரும்பாடு. கார்புரேட்டருக்கும் சிலிண்டர்களுக்கும் இடையே கிளைபிரிந்து நிற்கும் வார்ப்புக் குழலை மெக்கானிக்குகள் ‘இன்டேக் மேனிஃபோல்டு’ என்பர். உள்வாங்கு குழல் எனத் தமிழில் சொல்லிப் பார்க்கலாம். இலக்கிய அன்பர்கள் பொறுத்தருள்க. இக்கட்டுரை அக்குழலைப் பற்றியது.

நாம் எல்லோரும் ஏறியமர்ந்த அம்பாசிடரையே எடுத்துக்கொள்வோம். 1950களின் இறுதி தொட்டு அதில் இடம்பெற்ற 1489 சி.சி. எந்திரம், பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் ‘பி’ வரிசையைச் சேர்ந்தது. 1955இல் இங்கிலாந்தில் வெளிவந்த எம்.ஜி.ஏ என்னும் ஸ்போர்ட்ஸ் காரிலும் இதே எந்திரந்தான். அங்கே அது முதலில் 68, விரைவிலேயே 72 குதிரைத்திறன் தந்தது. இங்கே ஐம்பதை ஒட்டியே நின்றது. அங்கே அழுத்த விகிதம் கூடுதல் என்பது ஒரு காரணம். ஒற்றைக் கார்புரேட்டருக்குப் பதிலாக இரண்டு எஸ்.யு. கார்புரேட்டர்களும், அவற்றுக்கேற்ற குட்டையான உள்வாங்கு குழலும் இருந்தது மற்றொரு காரணம்.

இரண்டு ஏன்? இவ்வெந்திரத்தின் நான்கு சிலிண்டர்களுக்கும் காற்று நுழைய இரண்டே வாயில்கள். ஒன்றும் இரண்டும் ஒரு வாயிலைப் பகிர்ந்துகொள்ளும். மூன்றும் நான்கும் மற்றொன்றை. எரியும் வரிசையோ 1-3-4-2. ஆகவே இரண்டாம் சிலிண்டர் காற்றை இழுத்து முடிக்கும் தறுவாயில் அடுத்திருக்கும் முதல் சிலிண்டர் இழுக்கத் தொடங்கிவிடும். பந்தியில் பக்கத்து இலைக்காரர் கை நீட்டுவது போலத்தான். ஒவ்வொரு வாயிலுக்கும் தனித்தனிக் கார்புரேட்டர் வைத்தால் குழலில் நெரிசல் குறையுமே தவிர, அண்டை வீட்டுத் திருட்டு அடியோடு ஒழியாது. அதை ஒழிக்க நான்கு வாயில்களுடன் தலைப்பகுதியையே புதிதாக வார்க்க வேண்டும். எம்.ஜி. கார்களுக்கென எச்.ஆர்.ஜி-டெரிங்டன் அலுமினியத் தலைகள் அவ்வாறே வந்தன.

நம் நாட்டில் அத்தகைய வசதி ஏது? இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுகியிருந்த காலம் அது. இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளமான சோழவரத்தில் அம்பாசிடர்களும் ஃபியட்டுகளும் சென்னையிலேயே தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டுகளும் பந்தயம் ஓடின. சமதளத்தில் நேராக நீளும் பாதை. எந்திரம் உச்சச் சுழற்சியில் நிற்க, அகன்ற, குட்டையான குழல் அங்கே உகந்தது. 1990இல் இருங்காட்டுக்கோட்டைத் தளம் வந்தபின் சோழவரத்தின் காலம் முடிந்தது.

அதே குழலுடன் மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்கு ஏறுவதாக வைத்துக்கொள்ளுங்கள். முந்நூறு மீட்டர்ச் சொச்சத்தில் தொடங்கி 2,240 மீட்டர் வரை ஏற்றம். கொண்டை ஊசி வளைவுகள் 14. ஒவ்வொரு வளைவிலும் எந்திரம் தாழ்ந்த சுழற்சிக்கு இறங்கும். அகன்ற குழலில் அப்போது காற்று சோம்பி நகரும்; வண்டி திணறும். மெலிந்த, நீண்ட குழல் காற்றின் வேகத்தைக் காத்து இங்கே கைகொடுக்கும்.

உதகையில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தை விட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஐம்பது குதிரைகளில் பத்து மலையடிவாரத்திலேயே தங்கிவிடுகின்றன. எந்தக் குழலை மாற்றினாலும் அவை திரும்ப வாரா. போதாக்குறைக்கு, கார்புரேட்டர் காற்றின் மெலிவுக்கேற்ப பெட்ரோலைக் குறைப்பதில்லை. கலவை கொழுத்துக் கரும்புகை கக்கும். சிறிய துளையுள்ள ஜெட்டைப் பொருத்துவதுதான் அதற்குரிய எளிய மருந்து.

ஆயினும் நாம் ஏளனம் செய்த அந்தப் பழைய குழலுக்கு ஒரு பெருமை உண்டு. அது புகைபோக்குக் குழலின் மேலேயே அமர்ந்து சூடேறும். சோழவரத்து வெயிலில் இது கேடு. சூடான காற்று விரிந்து மெலியும். உறைபனி படியும் உதகை விடியலிலோ, குழற்சுவரில் பெட்ரோல் துளித்து நின்றுவிடாமல் ஆவியாக அந்தச் சூடே துணை. எந்திரம் கிளம்பிய சில நிமிடங்களில் தடுமாற்றம் குறையும். பந்தயத்துக்காக அதைக் கழற்றி எறிந்தவர் மார்கழிக் காலையில் குன்னூரில் வண்டியை எடுத்தால், சோக்கை இழுத்துப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் காத்திருக்க வேண்டியதுதான்.