டென்மார்க் யூதர்கள் மீட்பு, 1943

டென்மார்க் யூதர்கள் மீட்பு என்பது, இரண்டாம் உலகப் போரின்போது நாட்சி ஜெர்மனியின் ஆக்கிரமிப்பில் இருந்த டென்மார்க்கிலிருந்து ஏறத்தாழ 7,200 யூதர்களும், அவர்களுடைய யூதரல்லாத உறவினர் சுமார் 700 பேரும் கடல்வழியே சுவீடனுக்குத் தப்பிச் சென்ற நிகழ்வாகும். இதன் பெரும்பகுதி 1943 அக்டோபர் மாதத்தின் சில வாரங்களுக்குள் நடந்து முடிந்தது.

மன்னர் பத்தாம் கிறிஸ்டியன் தாமும் மஞ்சள் நட்சத்திரம் அணிந்து யூதர்களுக்குத் துணை நின்றார் என்றொரு கதை உலகெங்கும் வழங்குகிறது. அது உண்மையன்று, டென்மார்க்கில் யூதர்கள் நட்சத்திரம் அணிய வேண்டும் என்ற ஆணை பிறப்பிக்கப்படவே இல்லை. மீட்பைச் செய்தவர்கள் மருத்துவர்கள், மாணவர்கள், பாதிரியார்கள், மீனவர்கள் போன்ற சாதாரணக் குடிமக்களே. அவர்கள் அதைச் செய்தபோது நாட்டில் செயல்படும் அரசு இல்லை.

1940 ஏப்ரல் 9 அன்று ஜெர்மானியப் படைகள் நுழைந்தபோது டேனிஷ் அரசு சில மணி நேரத்தில் பணிந்தது. பதிலுக்கு நாடாளுமன்றம், காவல்துறை, நீதிமன்றங்கள் ஆகியவை தொடர அனுமதி கிடைத்தது. இந்த ஒத்துழைப்புக் கொள்கையைப் பலர் கோழைத்தனம் என்றனர். ஆயினும் அது நீடித்த மூன்றாண்டுகளும் டேனிஷ் யூதர்கள்மீது ஜெர்மானியர் கை வைக்கவில்லை. 1943 கோடையில் வேலைநிறுத்தங்களும் நாசவேலைகளும் பெருகின. ஆகஸ்ட் 29 அன்று அவசரநிலை அறிவிக்கப்பட்டது. அரசு செயலிழந்தது, கடற்படை தன் கப்பல்களைத் தானே மூழ்கடித்தது. யூதர்களுக்கு இருந்த காப்பும் அத்துடன் போயிற்று.

கைது நடவடிக்கைக்கு நாள் குறிக்கப்பட்ட செய்தியைக் கசியவிட்டவர் ஜெர்மானியத் தூதரகத்தில் கப்பல் விவகாரங்களைக் கவனித்த கேயார்க் டுக்விட்ஸ். செப்டம்பர் 28 அன்று அவர் சமூக ஜனநாயகக் கட்சியைச் சேர்ந்த ஹான்ஸ் ஹெட்டாஃப்டிடம் சொன்னார். மறுநாள் காலை, யூதப் புத்தாண்டுக்கு முன்பு, கோபன்ஹேகன் தொழுகைக் கூடத்தில் ரபி மார்க்கஸ் மெல்கியோர் வழிபாட்டை நிறுத்தி, உடனே ஒளிந்துகொள்ளும்படி மக்களை எச்சரித்தார். அக்டோபர் 1 இரவு தேடுதல் படை வந்தபோது பெரும்பாலான வீடுகள் காலியாக இருந்தன.

அடுத்த நாள் சுவீடன் அனைவரையும் ஏற்பதாக வானொலியில் அறிவித்தது. இடையில் இருந்தது ஓரசுண்ட் நீரிணை. அதன் மிகக் குறுகிய பகுதி சுமார் 4 கிலோமீட்டர் மட்டுமே. கோபன்ஹேகனின் பிஸ்பெபியர் மருத்துவமனை நூற்றுக்கணக்கானோரை நோயாளிகள் என்ற பெயரில் மறைத்து வைத்துக் கடற்கரைக்கு அனுப்பியது. மீனவர்கள் எல்லோரும் இலவசமாக ஏற்றிச் செல்லவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பிடிபட்டால் படகும் பிழைப்பும் போய்விடும் என்பதால் பெருந்தொகை கேட்டவர்கள் உண்டு. பணம் இல்லாதவர்களுக்காக மீட்புக் குழுக்கள் நிதி திரட்டின. கில்லெலெயே என்ற மீனவ ஊரில் தேவாலயப் பரணில் ஒளிந்திருந்த சுமார் 80 பேர் கைதாயினர்.

மொத்தம் 470 பேரளவில் தெரேசியன்ஸ்டாட் முகாமுக்கு அனுப்பப்பட்டனர். டென்மார்க் அவர்களைக் கைவிடவில்லை. உணவுப் பொட்டலங்கள் அனுப்பியது, அவர்களைப் பற்றி இடைவிடாது விசாரித்தது. அங்கே சுமார் 50 பேர் இறந்தனர். மற்றவர்களை 1945 ஏப்ரலில் சுவீடன் செஞ்சிலுவைச் சங்கத்தின் வெள்ளைப் பேருந்துகள் மீட்டுவந்தன.

இந்தப் பாதுகாப்பு எல்லோருக்கும் கிடைத்துவிடவில்லை. ஒத்துழைப்புக் காலத்தில் டேனிஷ் அதிகாரிகளே யூத அகதிகள் 21 பேரை ஜெர்மனிக்கு நாடுகடத்தினர். அவர்களில் பெரும்பாலோர் கொல்லப்பட்டனர். 2005 மே மாதம் பிரதமர் ஆனர்ஸ் ஃபோ ராஸ்முசன் அதற்காகப் பகிரங்கமாக மன்னிப்புக் கோரினார்.