தாஜ் நிமிர்ந்து நிற்கிறது, வாட்சன்ஸ் ஏன் தளர்ந்தது? மும்பையின் இரண்டு பழைய ஹோட்டல்களின் கதை

வேலை விஷயமாக மும்பை போகிற நம்ம ஊர் ஆட்கள் ஒரு சாயங்காலமாவது கேட்வே ஆஃப் இந்தியா பக்கம் போகாமல் திரும்புவதில்லை. தாஜ் மஹால் பேலஸ் ஹோட்டலை முதுகுக்குப் பின்னால் வைத்து ஒரு செல்ஃபியும் எடுத்துவிடுவார்கள்.

அங்கிருந்து காலா கோடா பக்கம் பத்து, பதினைந்து நிமிடம் நடந்தால் இன்னொரு பழைய ஹோட்டல் கட்டடம் வரும். அதோடு யாரும் செல்ஃபி எடுப்பதில்லை. எஸ்பிளனேடு மேன்ஷன் என்பது அதன் இன்றைய பெயர். ஒரு காலத்தில் அதுதான் வாட்சன்ஸ் ஹோட்டல். தாஜ் வருவதற்கு முன்பு பம்பாயில் வெள்ளைக்காரர்கள் தேடி வந்து தங்கிய இடம்.

இரண்டும் ஒரே நகரம், கிட்டத்தட்ட ஒரே கடற்காற்று. ஒன்று இன்றும் நட்சத்திர ஹோட்டல். இன்னொன்று, உள்ளே இருப்பது ஆபத்து என்று ஆட்களை வெளியேற்றிய கட்டடம். ஏன் இப்படி?

வாட்சன்ஸ் ஹோட்டலைக் கட்டியது யார்?

1860களில் பம்பாயின் பழைய கோட்டைச் சுவர்கள் இடிக்கப்பட்டன. அதனால் கிடைத்த இடத்தில் நகரம் புதிதாக விரிந்தது. அப்போது மனை வாங்கியவர்களில் ஒருவர் ஜான் வாட்சன், ஆங்கிலேயத் துணி வியாபாரி.

ஹோட்டலை வடிவமைத்தவர் ரோலண்ட் மேசன் ஆர்டிஷ். லண்டனில் ஆல்பர்ட் பாலத்தை வடிவமைத்த அதே பொறியாளர். வாட்சன்ஸின் தூண்களும் உத்தரங்களும் வார்ப்பிரும்பு, தேனிரும்பு பாகங்களாக இங்கிலாந்தில் செய்யப்பட்டு, கப்பலில் வந்து, பம்பாயில் பொருத்தப்பட்டன. இன்று ஆன்லைனில் கட்டில் வாங்கி, பார்சலைப் பிரித்து நாமே மாட்டிக்கொள்கிறோமே, கிட்டத்தட்ட அதே கதைதான். இது நடந்தது 1860களின் இறுதியில். பல மாடிகள் கொண்ட வார்ப்பிரும்புச் சட்டகக் கட்டடங்களில் இந்தியாவில் இன்று மிஞ்சியிருப்பவற்றுள் மிகப் பழையது இது என்று சொல்லப்படுவது அதனால்தான்.

எழுத்தாளர் மார்க் ட்வைன் 1896 ஜனவரியில் இங்கே தங்கினார். பால்கனிக்கு வந்து சத்தம் போட்ட பம்பாய்க் காக்காய்களைப் பற்றித் தன் பயண நூலில் விலாவாரியாக எழுதியிருக்கிறார்.

இந்தியாவில் முதல் சினிமா ஓடியது இங்கேதானா?

ஆமாம். 1896 ஜூலை 7 அன்று லூமியேர் சகோதரர்களின் ஆறு குறும்படங்கள் வாட்சன்ஸில் திரையிடப்பட்டன. டிக்கெட் ஒரு ரூபாய். அந்தக் காலத்தில் அது சாதாரண ஆட்களால் கொடுக்க முடிகிற காசு இல்லை. ரயில் வருவது, தொழிலாளர்கள் ஆலையை விட்டு வெளியே வருவது போன்ற காட்சிகள்தான் படங்கள். ஒரு சுவரை இடித்துத் தள்ளும் காட்சியும் அதில் இருந்தது.

ஒரு வாரத்தில் காட்சிகள் நாவல்டி தியேட்டருக்கு மாறின. அங்கே பல விலைகளில் டிக்கெட் விற்றார்கள். இந்தியர்கள் பெரும் எண்ணிக்கையில் படம் பார்க்க வந்தது அதற்குப் பிறகுதான்.

'இந்தியர்களுக்கு அனுமதி இல்லை' கதை உண்மையா?

தாஜ் பற்றிப் பேச்சு வந்தாலே யாராவது சொல்லும் கதை இது. ஜாம்செட்ஜி டாடாவை வாட்சன்ஸ் வாசலில் தடுத்துவிட்டார்கள், அந்தக் கோபத்தில்தான் அவர் தாஜைக் கட்டினார் என்பார்கள். வாட்ஸ்அப் ஃபார்வர்டுக்கு அருமையான கதை. ஆனால் அதற்கு உறுதியான ஆவணம் எதுவும் முன்வைக்கப்படவில்லை, வரலாற்று எழுத்தாளர்கள் சிலர் நம்பவும் இல்லை.

அன்று ஐரோப்பியர்களுக்கு மட்டும் என்று கிளப்புகளும் ஹோட்டல்களும் நடந்தது உண்மை. அதனால்தான் இந்தக் கதை இவ்வளவு எளிதாக ஒட்டிக்கொண்டது. ஆனால் ஜாம்செட்ஜிக்கு வேறு காரணங்களும் இருந்தன. 1896இல் பம்பாயை பிளேக் தாக்கியது. பலர் ஊரைவிட்டே ஓடினார்கள். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் தங்குவதற்குத் தரமான ஹோட்டல் இல்லை என்ற குறையும் நகரத்தில் இருந்தது. தன் ஊரைத் தூக்கி நிறுத்த வேண்டும் என்று நினைத்த தொழிலதிபருக்கு இதுவே போதுமான காரணம்.

தாஜ் 1903 டிசம்பர் 16 அன்று திறக்கப்பட்டது. வடிவமைப்பைத் தொடங்கியவர்கள் சீதாராம் கண்டேராவ் வைத்யா, டி.என். மிர்சா என்ற இரண்டு இந்தியர்கள். முடித்தது டபிள்யூ.ஏ. சேம்பர்ஸ். அப்போது எதிரே கேட்வே ஆஃப் இந்தியா கிடையாது. அது கட்டி முடிந்தது 1924இல்தான். கட்டடத்தைத் தப்பாகத் திருப்பிக் கட்டிவிட்டார்கள், அந்த வருத்தத்தில் ஆர்க்கிடெக்ட் தற்கொலை செய்துகொண்டார் என்றும் ஒரு கதை ஓடுகிறது. அதுவும் கட்டுக்கதை.

ஹார்பர் பாரும் பெர்மிட் ரூமும்

தாஜின் ஹார்பர் பார் 1933இல் வந்தது. பம்பாயில் உரிமம் பெற்ற முதல் பார் அதுதான் என்று ஹோட்டல் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறது.

ஆனால் பாரின் நிம்மதி ரொம்ப நாள் நீடிக்கவில்லை. பம்பாய் மதுவிலக்குச் சட்டம் 1949இல் நிறைவேறி, அடுத்த ஆண்டு நகரம் முழுவதும் 'டிரை' ஆனது. 1951இல் பால்சரா வழக்கில் உச்ச நீதிமன்றம் சில பிரிவுகளை மட்டும் நீக்கிவிட்டு, சட்டத்தின் பெரும்பகுதியை ஏற்றுக்கொண்டது. பெர்மிட் வைத்திருப்பவர் மட்டுமே குடிக்கலாம் என்ற நிலை. மும்பை பார்களின் போர்டில் இன்றும் 'பெர்மிட் ரூம்' என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பெயர் அந்தக் காலத்து மிச்சம்.

1960களிலும் 70களிலும் கெடுபிடி மெல்லத் தளர்ந்தது. ஆனால் சட்டம் போய்விடவில்லை. பெயர் மாறி, மகாராஷ்டிராவில் இன்றும் அமலில் இருக்கிறது. எழுத்துப்படி பார்த்தால் குடிப்பதற்கு பெர்மிட் வேண்டும். பீர், ஒயினுக்கு 21 வயது, மற்ற மதுவுக்கு 25 வயது. நம்ம ஊரில் எல்லாவற்றுக்கும் 21தானே என்ற நினைப்பில் அங்கே போய் உட்காரக்கூடாது.

வாட்சன்ஸ் ஏன் தளர்ந்தது?

தாஜ் வந்ததும் வாட்சன்ஸின் மவுசு குறைந்தது. கை மாறி, பெயர் மாறி, 1960களில் ஹோட்டலாக இருப்பதே நின்றுபோனது. அறைகள் தடுத்துத் தடுத்து வாடகைக்கு விடப்பட்டன. நீதிமன்றங்கள் பக்கத்திலேயே இருந்ததால் வழக்கறிஞர்கள் அலுவலகம் போட்டார்கள். சின்னச் சின்னக் கடைகள் வந்தன. சிலர் குடியிருந்தார்கள்.

இங்கேதான் 1947ஆம் ஆண்டின் பம்பாய் வாடகைச் சட்டத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். அது பழைய கட்டடங்களின் வாடகையை 1940 செப்டம்பர் நிலவரத்தில் நிறுத்தி வைத்தது. போரும் பிரிவினையும் உண்டாக்கிய வீட்டுத் தட்டுப்பாட்டில் சாமானியர்களைத் தெருவுக்கு வராமல் காப்பாற்றிய சட்டம் அது. ஆனால் தற்காலிகமாக வந்த சட்டம் அரை நூற்றாண்டு தாண்டியும் நீடித்தது. வருகிற வாடகை பெயின்ட் அடிக்கக்கூடப் போதாதபோது உரிமையாளர் எதற்குச் செலவு செய்வார்? 'நம்ம கட்டடம் இல்லையே' என்று வாடகைதாரரும் விட்டுவிட்டார். இரும்போ உப்புக்காற்றில் துருப்பிடித்துக்கொண்டே இருந்தது.

2005இல் கட்டடத்தின் ஒரு பகுதி இடிந்து விழுந்து ஒருவர் இறந்தார். உலக நினைவுச்சின்ன நிதியத்தின் 2006ஆம் ஆண்டு அபாயப் பட்டியலில் வாட்சன்ஸ் இடம்பெற்றது. 2019இல் பாம்பே உயர் நீதிமன்ற உத்தரவின் பேரில் உள்ளே இருந்தவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். பழுதுபார்ப்பது சரிவராது, இடித்துவிடலாம் என்று ஐஐடி பாம்பே அறிக்கை சொன்னது. பாரம்பரியக் கட்டட வல்லுநர்கள் எதிர்த்தார்கள், மீட்க முடியும் என்று வாதாடினார்கள்.

தாஜ் மட்டும் எப்படித் தப்பித்தது?

தாஜுக்கும் அடிகள் விழாமல் இல்லை. முதல் உலகப்போரில் அது 600 படுக்கை மருத்துவமனையாக மாற்றப்பட்டது. 2008 நவம்பர் 26 தாக்குதலில் விருந்தினர்களும் ஊழியர்களும் கொல்லப்பட்டார்கள், பழைய பகுதி தீயில் கருகியது. ஆனாலும் சீரமைக்கப்பட்டு 2010 ஆகஸ்ட் 15 அன்று முழுமையாகத் திறந்தது.

வித்தியாசம் இதுதான்: தாஜுக்கு ஆரம்பத்திலிருந்து ஒரே உரிமையாளர், இந்தியன் ஹோட்டல்ஸ் நிறுவனம். அறை வாடகை, சாப்பாடு, பார் என்று தினமும் காசு வருகிறது. ஹோட்டல் ஓட வேண்டுமென்றால் குழாய் ஒழுகினாலும் அன்றே சரிசெய்தாக வேண்டும். பராமரிப்பு அங்கே வியாபாரத்தின் ஒரு பகுதி. வாட்சன்ஸில் பலர் பயன்படுத்தினார்கள், ஆனால் பழுதுபார்க்கும் பொறுப்பும் அதற்கான பணமும் ஒரே கையில் இல்லை.

இதை வைத்து வாடகைதாரர்களைக் குற்றம் சொல்லிவிட முடியாது. 2019இல் பெட்டி, ஃபைல்களோடு இறங்கிப் போனவர்களில் பலருக்குப் பல வருடப் பிழைப்பே அந்த அறைதான். கட்டடத்தைக் காப்பாற்றும் எந்தத் திட்டமும் மூன்று கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். செலவு யாருடையது? வெளியே போனவர்கள் திரும்பி வர முடியுமா? சீரமைத்த பிறகு தினசரிப் பராமரிப்பை யார் பார்ப்பார்கள்? இதே கேள்விகள் தெற்கு மும்பையில் பல பழைய வாடகைக் கட்டடங்களுக்கும் பொருந்தும்.

அடுத்த முறை கொலாபா போனால் காலா கோடா வரைக்கும் நடந்து பாருங்கள். எதிர்ப்புற நடைபாதையில் நின்று பார்த்தாலே போதும்.